முப்பது ஆண்டு உறங்கிய வண்டியை உதைத்து எழுப்பாதீர்கள்

அரிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், பார்ப்பவர் கால் முதலில் போவது கிக்கரை நோக்கித்தான். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில், நின்ற காலத்தில் கெட்டதைவிட வெளியே எடுத்த முதல் வாரத்தில் கெட்டதுதான் அதிகம். அதனால் கெஞ்சியே கேட்கிறேன், உதைக்காதீர்கள்.

1950களில் செய்யப்பட்ட ஒரு பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டி என்னிடம் வந்தது. தாத்தா ஓட்டியது, முப்பது ஆண்டு அசையாமல் நின்றது. பேரன் கிக்கரை மிதித்துப் பார்த்தார், இறங்கவில்லை. நண்பர்களைத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டதாம்.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். இடது சிலிண்டர் சுவரின் நடுவே நூல் கனத்தில் ஒரு துரு வளையம். பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான பிஸ்டன் ரிங் அத்தனை ஆண்டும் உட்கார்ந்திருந்த இடம் அது. அதற்கு மேலும் கீழும் சுவர் இன்னும் பளபளத்தது. துருவில் பிடித்திருந்த ரிங்கை வலுவாக இழுத்ததில் அது மூன்று துண்டாகி, பிஸ்டனின் பள்ளத்தைப் பெயர்த்து, சுவரை நெடுகக் கீறியிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மேல் கியரில் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்திருந்தால், அநேகமாக அது விட்டுக்கொடுத்திருக்கும். இப்போது சிலிண்டரைக் கடைந்து, 0.020 அங்குலம் பெரிய பிஸ்டனைத் தேட வேண்டியதாயிற்று. அரிய வண்டிக்கு அந்தத் தேடல் எவ்வளவு நீளும் என்று தேடியவருக்குத்தான் தெரியும்.

சுலபமாகச் சுற்றும் இன்ஜினையும் நம்பிவிடாதீர்கள். பிஎஸ்ஏ, டிரயம்ஃப் என்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கினுள் ஒரு குழாய் இருக்கிறது. சுழற்சியின் வேகத்தில் எண்ணெயிலுள்ள கசடு அதில் ஒதுங்கித் தங்கும். எண்ணெய் வடிகட்டி எளிமையாக இருந்த காலத்து ஏற்பாடு அது. பல ஆண்டுக் கசடு களிமண்போல் இறுகி வழியை அடைத்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. கிராங்கைப் பிரிக்காமல் இதைச் சுத்தம் செய்ய முடியாது. வெளியே குரோமியம் மின்ன, உள்ளே இந்தக் குழாய் அடைத்தபடியே ஓடத் தொடங்கிய வண்டிகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

வண்டியைவிட உங்கள் உயிர் பெரிது. அக்காலத்துப் பிரேக் ஷூக்களிலும் பல கிளட்ச் தட்டுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் கட்டுங்கள். அந்த இழை நுரையீரலில் தங்கி, நோயாக வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகூட ஆகலாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். டேங்கில் வெல்டிங் செய்ய வேண்டுமானால், ஆவியை முழுதும் நீக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் வண்டிகளின் போல்ட், நட்டுகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரையும் உண்டு, பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று கொண்ட சைக்கிள் மரையும் உண்டு. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்தும். அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் முனைகளை உருட்டிவிடும்.

இன்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் பொறித்த இடத்தில் அரமோ மணல் வீச்சோ படவே கூடாது. எழுத்து மங்கினால் வண்டியின் அடையாளமே மங்கிவிடும். எதைக் கழற்றினாலும் முன்பே படம் எடுங்கள். துருப்பிடித்த வாஷரைக்கூட எறியாதீர்கள், அது எந்தக் கனத்தில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காமல் போகலாம்.

பேரனின் வண்டிக்குப் பிஸ்டன் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. இப்போது ஓடுகிறது. டேங்கின் இரு பக்கமும் தாத்தாவின் முழங்கால் உரசி வண்ணம் மங்கிய இடங்கள் உண்டு. புதுப்பூச்சு அடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறோம்.