உறுதியாகச் சொன்ன தப்பு விடை

காட்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “ராத்திரி கண்விழித்து விடைத்தாள் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறேன். பிள்ளைகள் மார்க்கைப் பார்த்ததும் தாளை மடித்துப் பையில் திணித்துவிடுகிறார்கள். எழுதித்தான் என்ன பயன்?”

பயன் உண்டு. ஆனால் பக்கத்திலேயே மார்க் இருந்தால் அது குறிப்பை விழுங்கிவிடும். இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த முறை முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் குறிப்பை முதலில் கொடுங்கள், மார்க் இரண்டு நாள் கழித்து வரட்டும்.

சரி, எதற்குக் குறிப்பு எழுதுவது? பிள்ளை உறுதியாக நம்பிச் சொன்ன தப்புக்கு முதலில் எழுதுங்கள். மே மாதம் வேலூர் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “பூமி சூரியனுக்குக் கிட்ட போகுது சார்!” என்று சட்டென்று பதில் வரும். “மார்கழிப் பனியில் ஸ்வெட்டர் போட்டு வருகிறாயே, அப்போதுதான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி” என்று சொல்லுங்கள். பிள்ளையின் புருவம் ஏறும். அந்த ஒரு நொடி எனக்குப் பொக்கிஷம்.

அரைகுறையாக ஊகித்த தப்பைவிட, அடித்துச் சொன்ன தப்புதான் எளிதில் திருந்துகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001-இல் காட்டினார்கள். நாம் நினைப்பதற்கு நேர்மாறு! காரணம் வியப்பு. எதிர்பார்த்தது பொய்த்ததும் மூளை கவனத்தையெல்லாம் அங்கே கொட்டுகிறது. பின்னர் செய்த இன்னோர் ஆய்வில், சரியான விடை திரையில் தோன்றும்போதே மெல்லிய ஓசை ஒன்றையும் எழுப்பிப் பார்த்தார்கள். உறுதியான தப்பு திருத்தப்பட்ட நேரங்களில் அந்த ஓசை, பங்கேற்றவர்களின் காதில் பலமுறை விழவேயில்லை.

வெறும் சிவப்புப் பெருக்கல் குறி இந்த நொடியை வீணாக்குகிறது. கவனம் திறந்திருக்கும்போதே சரியான விடை உள்ளே போக வேண்டும். அப்புறம், சில நாளில் மறுபடி கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய விடை திரும்பி வந்துவிடும். “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று பெற்றோரும், சில நேரம் ஆசிரியர்களும் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. திருந்தத் தயாராக இருக்கும் மூளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

வெயிலுக்குக் காரணம் தூரம் என்று எழுதிய பிள்ளையின் தாளில் நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “தூரம் காரணமில்லை. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதுதான் காரணம். ஏப்ரல் 25 வாக்கில், மதியம் 12 மணி 10 நிமிடத்துக்கு மொட்டைமாடியில் ஒரு டம்ளரை நிறுத்தி வை. நிழல் எங்கே போனது என்று வந்து சொல்.”