பிக்கப் வண்டிக்கு டயர்: பட்டனை அழுத்திப் பார்க்கும் முன் பின் ஆக்சில் எடையைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பிக்கப் ஓட்டுபவர்கள் டயர் கடையில் முதலில் கேட்பது, "எது அண்ணே ரொம்ப நாள் உழைக்கும்?" என்றுதான். அடுத்து கட்டை விரலைப் பட்டனுக்குள், அதாவது சாலையில் பதியும் ரப்பர் வரிகளுக்கும் கட்டைகளுக்கும் இடையில், விட்டு ஆழம் பார்ப்பார்கள். எது கனமாகத் தெரிகிறதோ அது வண்டியில் ஏறிவிடும். ஆறேழு மாதத்தில் அதே டயர் ஓரம் தேய்ந்தோ, பட்டன் பெயர்ந்தோ, பக்கவாட்டில் புடைத்தோ திரும்பி வருகிறது. அவற்றில் பலவற்றில் ரப்பர் மேல் குறை இல்லை. அந்த வண்டி சுமக்கும் எடைக்கு அது பொருந்தாத டயர்.

செட்டிநாட்டு லோடு பார்வைக்குச் சிறியது, எடைக்குப் பெரியது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அங்குலம், முக்கால் அங்குலத் தடிமன் என்றால் ஒரு கல் இரண்டரை கிலோவுக்குக் குறையாது. 500 கல் ஏற்றினால் 1,250 கிலோ தாண்டிவிடும். ஆனால் வண்டியின் சரக்குத் தொட்டியில் பாதிகூட நிறைந்திருக்காது. "இன்னும் இடம் இருக்கே" என்று அதன் மேல் நாலு மூட்டை சிமெண்ட் போட்டால் மேலும் 200 கிலோ. பழைய வீடு பிரித்த இடத்தில் எட்டடி உயரமும் ஓரடிச் சதுரமும் கொண்ட கருங்கல் தூண் ஒன்று 600 கிலோ இருக்கும். இரண்டு தூண் போட்டால் லோடு முடிந்தது. எம்-சாண்ட் கால் யூனிட், அதாவது 25 கன அடி, காய்ந்திருந்தாலே ஏறக்குறைய 1,100 கிலோ. நனைந்திருந்தால் இன்னும் ஏறும்.

எனவே வழக்கமான லோடு ஏற்றியபடி ஒரு முறை எடை மேடைக்குப் போங்கள். முதலில் வண்டி முழுவதையும் எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டி இறங்கும்வரை நகர்த்தி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு சீட்டு வாங்குங்கள். மேடையும் வெளித் தரையும் சம மட்டத்தில் இருந்தால்தான் இந்த எடை சரியாக வரும். இரண்டாவது சீட்டில் உள்ள எண்ணைப் பாதியாக்கினால் ஒவ்வொரு பின் டயரும் சுமப்பது தெரியும். பின் ஆக்சிலில் 1,900 கிலோ என்றால் டயருக்கு 950 கிலோ. சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பக்க டயருக்கு அதைவிடக் கூடுதல்.

இனி டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 102, 106, 110 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் லோடு இண்டெக்ஸ். 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 110 என்றால் 1,060. சாய்கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. பிக்கப்புக்கு முதல் எண்ணைப் பாருங்கள். 950 கிலோ சுமக்கும் இடத்தில் 106 போட்டால் கணக்கு நேராகிவிடும், ஆனால் பள்ளத்தில் விழும் அடிக்கு மிச்சமே இருக்காது. 108 அல்லது 110 தேடுங்கள். அதற்காக, வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைப் பெரிய டயர் கூட்டிக் கொடுத்துவிடாது. ஆக்சிலும் கமான் பட்டையும் பிரேக்கும் பழையவைதானே.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. 215/75 ஆர் 15 என்ற ஒரே அளவில் ஜீப், கார் வகைக்கான டயரும் வருகிறது, லோடு வண்டிக்கான டயரும் வருகிறது. விலை குறைவு, அளவும் அதேதான் என்று முதல் வகையைப் பின்னால் மாட்டிவிடுகிறார்கள். அதன் லோடு இண்டெக்ஸ் 100 என்றால் இரண்டு டயரும் சேர்ந்து தாங்குவது 1,600 கிலோ. மேலே சொன்ன 1,900 கிலோவை அதன் மேல் ஏற்றினால் உள்கட்டு சூடேறி, பட்டன் அடியோடு பிரியும். அளவோடு எல்.டி. (லைட் டிரக்) என்ற எழுத்தும், 8 பி.ஆர். அல்லது 10 பி.ஆர். என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். பி.ஆர். என்பது பலத்தைக் குறிக்கும் தரம். உள்ளே அத்தனை அடுக்குத் துணி இருப்பதாகப் பொருள் இல்லை.

ரேடியலா நைலானா? பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை உள்ளது ரேடியல்; குறுக்குமறுக்கான நைலான் நூலடுக்குகளால் ஆனது நைலான். பெரும்பாலும் தார்ச்சாலையில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் என்று ஓடும் வண்டிக்கு ரேடியல்தான். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். நாள் முழுக்க குவாரி, சூளை, கண்மாய்க் கரைச் சரளையில் கிடக்கும் வண்டிக்கு நைலான் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அதன் பக்கச் சுவர் வெட்டுக்குத் தாங்கும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்று மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள்.

பட்டன் வகையிலும் இதே கணக்குதான். கட்டை கட்டையான லக் பட்டன் சேற்றிலும் சரளையிலும் பிடிக்கும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றும் அசைந்து அசைந்து சூடேறி வேகமாகக் கரையும். முன்னால் நீளவாட்டு வரிப் பட்டன், பின்னால் செமி-லக் (நடுவில் வரி, ஓரத்தில் கட்டை) என்பது இந்தப் பகுதிக்கு ஒத்து வருகிற கூட்டணி.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். லோடு வண்டி டயருக்கான தர எண் ஐ.எஸ். 15636. தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரைப் புதுசு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் தேதியையும் கையோடு பாருங்கள். பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கலாம்.

நல்ல டயரையும் கொல்வது காற்றுதான். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி முன்னுக்கு ஓர் அளவும் பின்னுக்கு ஓர் அளவுமாகப் பிடியுங்கள். காலையில் 60 பி.எஸ்.ஐ. வைத்தது மதியம் லோடோடு ஓடியபின் 68 காட்டும். அது இயல்பு. "காத்து ஜாஸ்தி, வெடிச்சிரும்" என்று பயந்து 60க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலை 53தான் இருக்கும். அந்தக் குறைந்த காற்றோடு அடுத்த லோடு ஏறும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து இன்னும் சூடாகும். வெடிப்பது அப்போதுதான். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், காற்றை விட்டுவிட்டு முன் பக்கத்தைப் பாருங்கள். உள்ளங்கையைப் பட்டன் மேல் வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளிருந்து வெளியே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பம் போல் உறுத்தல் என்றால் டோ அலைன்மெண்ட், அதாவது முன் சக்கரங்கள் நேராகப் பார்க்கும் அமைப்பு, தவறியிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது, அல்லது பேலன்சிங் இல்லை. டை ராடு எண்டிலும் பால் ஜாயிண்டிலும் ஆட்டம் இருந்தால் அதை மாற்றிவிட்டு அலைன்மெண்ட் பாருங்கள். ஆட்டத்தோடு பார்த்தால் கொடுத்த காசு வீண். நாலு டயரும் ஒரே வகை என்றால் 8,000 முதல் 10,000 கி.மீ.க்குள் முன்பின் மாற்றிப் போடுங்கள்.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றி இந்த ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முள் தைத்த டியூப்லெஸ் டயர் உடனே உட்காராது, நாளுக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கசியும், ஓட்டுநருக்குத் தெரியாது. வாரம் ஒரு முறை பட்டன் இடுக்கில் தேடிப் பாருங்கள். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் தேக்குச் சட்டத்தோடு வரும் ஆணியும், உடைந்த நாட்டு ஓடும் இன்னும் மோசம். ஓட்டுச் சில் பக்கச் சுவரைக் கிழிக்கும், அங்கே பஞ்சர் ஒட்டக்கூடாது. பட்டன் பகுதியில் சிறு துளை என்றால் வெளியிலிருந்து திரி செருகி ஊர் வந்து சேரலாம். லோடு வண்டிக்கு அதோடு நிறுத்தாமல் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் இறகு போல் லேசாக இருக்கும். அங்கே மொட்டை டயர் இருந்தால் பிரேக் தொட்டதும் வால் சுழன்றுவிடும். ரீட்ரெடிங் செய்த (தேய்ந்ததன் மேல் புதுப் பட்டன் ஒட்டிய) டயர் முன் சக்கரத்தில் வேண்டவே வேண்டாம்.

எது நீண்ட நாள் உழைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வெர்னியர் காலிபர் போதும். புது டயரின் ஆழத்தை அதன் வால் கம்பியால் அளந்து டீசல் நோட்டில் எழுதுங்கள். 10 மி.மீ. இருந்தால், சட்டப்படி விட வேண்டிய 1.6 மி.மீ. போக, உழைப்புக்கு இருப்பது 8.4 மி.மீ. 5,000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில் 0.7 மி.மீ. குறைந்திருந்தால் மொத்தம் 60,000 கி.மீ. வரை வரும் என்று கணிக்கலாம். 8,000 ரூபாய் டயர் 60,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 13 பைசா. 6,500 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடினால் 16 பைசா. முதல் அளவிலேயே 1.5 மி.மீ. குறைந்திருந்தால் அடுத்த லோடுக்கு முன் காற்றையும் அலைன்மெண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் இன்னும் ஏழு மி.மீ. ரப்பர் உங்கள் கையில் இருக்கிறது.