ரோபோ பொம்மை ஏன் விறைத்து நிற்கிறது?

புரவியெடுப்பு நாளில் செட்டிநாட்டு ஊர்களின் அய்யனார் கோயில்களுக்குத் தூக்கிச் செல்லப்படும் மண்குதிரைகள் நான்கு காலையும் தரையில் ஊன்றியே நிற்கும். பாயும் குதிரையை, அவற்றைச் செய்யும் வேளாரால் (குயவரால்) கற்பனை செய்ய முடியாது என்பதல்ல காரணம். சுட்ட மண் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். முன்னங்கால்களைக் காற்றில் தூக்கிவிட்டால் உடலின் பளு பின்னங்கால்களை வளைக்கப் பார்க்கும்; வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டுக் கால் முறியும். அதே ஊரின் சிவன் கோயிலில் வெண்கல நடராசர் ஒற்றைக் காலில் நின்று ஆடுகிறார். உலோகம் இழுவையைத் தாங்கும், காலும் பீடத்தோடு பிணைந்திருக்கிறது. ஓர் உருவம் எப்படி நிற்கலாம் என்று முடிவு செய்வதில் சிற்பிக்கு உள்ள பங்கு பாதிதான். மீதியைப் பொருள் முடிவு செய்கிறது.

காரைக்குடியில் ஒரு பையன் இணையத்தில் வரவழைத்துக் கோக்கும் ஜப்பானிய ரோபோ கிட்டுக்கும், அதாவது தனித்தனிப் பாகங்களாக வரும் பிளாஸ்டிக் பொம்மைக்கும், இந்தக் கணக்குதான். பண்டாய் நிறுவனம், கன்டம் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் ரோபோவின் முதல் கிட்டை 1980ஆம் ஆண்டு 1/144 அளவில், 300 யென் விலைக்கு வெளியிட்டது. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ, மேசைமேல் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அந்தப் பழைய கிட்டைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கை கால் பெயரளவுக்குத்தான் அசையும். இன்றைய கிட்டுகளில் பாகங்கள் பசையில்லாமலே ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்கின்றன, முழங்காலுக்கு இரட்டை மூட்டுகூட வந்துவிட்டது. ஆனாலும் பெட்டியின் மேல் வாளை ஓங்கிப் பாயும் ரோபோ, கோத்து முடித்ததும் விறைப்பாகத்தான் நிற்கிறது. பொம்மையைக் கொஞ்சம் அறுத்து, கொஞ்சம் நீட்டினால்தான் அந்தப் பாய்ச்சல் வரும். எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி.

மூட்டு சரியில்லை என்று பலரும் முதலில் மூட்டைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் மூட்டின் மேல் குற்றமில்லை. பந்துமூட்டு எந்தப் பக்கமும் திரும்பத் தயாராக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கவசத்தின் விளிம்பு எதிர்ப்பக்கத்தில் போய் இடித்து அதை நிறுத்திவிடுகிறது. கணுக்காலை எடுத்துக்கொள்வோம். காலை 30 டிகிரி அகட்டினால், உள்ளங்கால் தரையில் முழுதாகப் படிய, கணுக்காலும் எதிர்த்திசையில் 30 டிகிரி சாய வேண்டும். கெண்டைக்கால் கவசத்தின் கீழ்விளிம்பு பாதத்தின் மேல் இடித்து அதை 15 டிகிரியிலேயே நிறுத்திவிட்டால், ரோபோ பாதத்தின் ஓரத்தில் நிற்கும். பார்க்கிறவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது, ஆனால் போலி என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிறிய வடிவியல் பெரிய வேலை செய்கிறது. மூட்டின் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இடிக்கும் விளிம்பில் 1 மில்லிமீட்டரைச் சீவினால், ஏறத்தாழ 11 டிகிரி கூடுதல் அசைவு கிடைக்கும். அதே 1 மில்லிமீட்டரை 15 மில்லிமீட்டர் தள்ளியுள்ள விளிம்பில் சீவினால் 4 டிகிரிகூடத் தேறாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் வெளிக்கவசத்தில் கத்தி வைக்குமுன், உள்ளே மூட்டை ஒட்டி எது இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே கொஞ்சம் சுரண்டினாலே போதும், வெளியே வடுவும் தெரியாது. எங்கே இடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, விளிம்பில் பென்சில் கரியைப் பூசி மூட்டை ஒருமுறை அசைத்தால், எதிர்ப்பக்கத்தில் கரி ஒட்டிய இடம் காட்டிக்கொடுக்கும்.

இடுப்பில் இதைவிட எளிய வழி உண்டு. சிறிய அளவுக் கிட்டுகள் பலவற்றில் முன்தொடைகளை மூடும் இரண்டு கவசத் தகடுகளும் நடுவில் ஒரு சிறு தண்டால் இணைந்தே வார்க்கப்பட்டிருக்கும். ஒரு காலைத் தூக்கினால் இரண்டு தகடும் சேர்ந்து எழும். நடுத்தண்டை ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் ஒவ்வொன்றும் தன் காலோடு மட்டும் அசையும். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேறு திருத்தம் எனக்குத் தெரியாது.

அசைவு கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? நம் சிற்ப நூல்கள் நிற்கும் நிலைகளைச் சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம், அதிபங்கம் என்று பிரிக்கின்றன. கிட்டிலிருந்து வெளிவரும் ரோபோ சுத்தமான சமபங்கம்: தலை, மார்பு, இடுப்பு மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில். திரிபங்கத்தில் தலை ஒருபக்கம், உடல் மறுபக்கம், இடுப்பு மீண்டும் முதல் பக்கம் என்று கோடு மும்முறை முறியும். எடை ஒரு காலில் இறங்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது. சமநிலைக்காக அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. உயிருள்ள உடல் எடையைச் சுமக்கும் விதம் இதுதான் என்பதால் கண் அதை உடனே நம்புகிறது. ரோபோவின் வயிற்றுப் பகுதி பெரும்பாலும் இடவலமாகத் திரும்பும், பக்கவாட்டில் சாயாது. அங்கே ஒரு பந்துமூட்டைப் பொருத்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்திவிட்டால் மார்பும் இடுப்பும் எதிரெதிராகச் சாய இடம் கிடைக்கும். கழுத்துக்கும் அப்படித்தான். தலையை அண்ணாந்து பார்க்கவிடாமல் தடுப்பது பின்மண்டையில் இடிக்கும் முதுகுக் கவசம். கழுத்தைச் சற்று நீட்டினால் தாடை நிமிரும்.

நீட்டுவதற்கு ஒட்ட வேண்டும். கவசப் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பொங்கலுக்கு அலங்காரம் வெட்டும் தெர்மோகோலும் அதே பொருள்தான், உள்ளே காற்றை ஊதி உப்பவைத்தது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனில் தெர்மோகோலைப் போட்டால் நிமிடத்தில் அமுங்கிக் கூழாகும். மாடல் சிமென்ட் என்று விற்கும் பசை செய்வதும் இதைத்தான். அது ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு பரப்புகளும் இளகி, நீண்ட பாலிமர் சங்கிலிகள் எல்லை தாண்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன; கரைப்பான் ஆவியானதும் அங்கே ஒட்டு என்று ஒன்றே இருப்பதில்லை, ஒரே பிளாஸ்டிக்தான். ஆனால் மூட்டுக்குள் இருக்கும் மிருதுவான சாம்பல்நிறக் கிண்ணங்கள் பாலிஎத்திலீன். அதன் சங்கிலிகள் நெருக்கமாகப் படிகமாகி அடுக்கியிருப்பதால் இந்தக் கரைப்பான்கள் அதைத் தொடுவதே இல்லை. பசை வழிந்து உள்ளே போனாலும் மூட்டு இறுகாமல் தப்புவது அதனால்தான். எடை சுமக்கும் இடத்தில் பசையை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு பக்கமும் துளையிட்டு 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைக் குறுக்கே செருகினால் வளைவு விசையைக் கம்பி வாங்கிக்கொள்ளும். அறுத்த முகத்தைச் சமமாக்க, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்று கிடைத்தால் நல்லது. கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் வழவழப்பானது. அதன் மேல் உப்புத்தாளை ஒட்டிப் பாகத்தைத் தேய்க்கலாம்.

இனி நிற்க வேண்டும். ரோபோவின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில், பாதத்தின் நீளம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு பாதத்தின் விளிம்பைத் தாண்ட, 12 டிகிரி சாய்ந்தால் போதும். ஒற்றைக் காலில் பக்கவாட்டுச் சாய்வு என்றால், பாதத்தின் அகலம் நீளத்தைவிடக் குறைவு என்பதால், இன்னும் சீக்கிரமே கவிழும். ஓடும் உடலோ பல கணங்களில் இந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. விழத் தொடங்கி, அடுத்த காலை வைத்துத் தப்பிக்கிறது. ஆக, உண்மையிலேயே ஓடுவதுபோல் தெரியும் நிலை எதுவும் தானாக நிற்காது. பாதத்துக்குள் ஈயக் குண்டு வைக்கலாம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஈயத்தினுடையது 11.3, பாலிஸ்டைரீனுடையது 1.05; ஒரு சிட்டிகை ஈயமே மையத்தைக் கீழே இழுக்கும். ஈயம் நஞ்சு, தொட்டபின் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். இல்லையேல் பீடத்தில் கம்பி கொண்டு பிணைத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோழர் காலத்துச் சிற்பிகளும் பீடத்தை நம்பியவர்கள்தான்.

காலை அகட்டி நிற்கும் ரோபோ வழுக்கி விழுவதற்கும் கணக்கு உண்டு. இடுப்பு மூட்டு தளர்ந்து, ஒவ்வொரு காலும் 30 டிகிரி சாய்ந்திருந்தால், தரையின் உராய்வுக் குணகம் குறைந்தது 0.58 இருக்க வேண்டும். காலங்காலமாகத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பேறிய, செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைச் சூழ்ந்த வளவுத் தரையில் அது கிடைக்காது. பாதத்தின் அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டலாம், அல்லது இடுப்பை இறுக்கலாம்.

தோளுக்கும் இறுக்கம் வேண்டும். 6 கிராம் கையின் எடை மையம் தோளிலிருந்து 3 சென்டிமீட்டரில் இருந்தால் திருப்புவிசை 18 கிராம்-சென்டிமீட்டர். நீட்டிய கையில் 4 கிராம் துப்பாக்கி 6 சென்டிமீட்டரில் இருந்தால், அது மட்டுமே 24. கையைவிட எடை குறைந்த துப்பாக்கி கையைவிட அதிகமாக மூட்டைத் திருப்புகிறது! முழங்கையை மடக்கித் துப்பாக்கியை 3 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது 12 ஆகக் குறையும். பாலிஎத்திலீன் மூட்டு தொடர்ந்த பளுவில் மெல்ல மெல்ல உருமாறித் தளரும். சித்திரை வெயில் படும் சன்னலோரத்தில் இன்னும் வேகமாக. தளர்ந்த மூட்டின் பந்தில் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகப் பூசி, முழுதாகக் காய்ந்த பிறகு செருகினால் விட்டம் இம்மியளவு கூடும், பிடிப்பு திரும்பும். காய்வதற்குள் செருகினால் மூட்டு அதோடு போச்சு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த மூட்டாக இருந்தால் அளவோடு நிறுத்துங்கள். இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸின் மேல் பெயின்ட் தின்னர் பட்டால் விரிசல் ஓடும்.

சூப்பர் குளூ இறுகுவது காற்றின் ஈரத்தால். ஐப்பசி மழைக்காலத்தில் அது சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அதன் ஆவி பக்கத்துப் பாகங்களின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும், கறுப்புக் கவசத்தில் பளிச்சென்று தெரியும். மூடிய அறையில் செய்யாமல், காற்று ஓடும் வளவு ஓரத்தில் உட்கார்ந்து பூசினால் படலமும் குறையும், மூக்கும் பிழைக்கும்.