கிரனாடா போகிறீர்களா? முதலில் ஷூவைக் காட்டுங்கள்

ஐரோப்பியச் சுற்றுலா கிளம்பும் முன் என்னைப் பார்க்க வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க." எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆனால் போகிற ஊர் ஸ்பெயினின் கிரனாடா என்று சொன்னால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி என்ன ஷூ எடுத்துப் போகிறீர்கள் என்பதுதான். கேள்வி விசித்திரமாகத் தோன்றும். அந்த ஊரின் தரையைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

கிரனாடா மேடுபள்ளமான ஊர். சபீக்கா என்ற குன்றின் மேல் அல்ஹம்பிரா கோட்டையும் அரண்மனைகளும் இருக்கின்றன. எதிர்க்குன்றில் அல்பாய்சின் என்ற பழைய முஸ்லிம் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே தாரோ என்ற சிற்றாறு. அல்பாய்சினின் சந்துகளில் ஆற்றுக் கூழாங்கற்களைக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம்போலப் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு, நடக்கத் தண்டனை. மேற்புறம் உருண்டையாக இருப்பதால் பாதம் எங்கேயும் முழுதாகப் படியாது. கால்பட்டுக் கால்பட்டு வழுவழுப்பாகிவிட்ட கற்கள் வேறு, ஒரு தூறல் போட்டால் வழுக்கும். 1994-லேயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்ட பகுதி அது. நம் முட்டிக்காக யாரும் அங்கே தார் போடப்போவதில்லை.

மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூவோ, வீட்டில் போடும் ரப்பர் செருப்போ போட்டு இந்தக் கற்களில் நாள் முழுக்க நடந்தால் குதிகாலும் உள்ளங்காலும் அன்று இரவே வலிக்கத் தொடங்கும். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடி உயிர் போகும். இது சாதாரண ஆளுக்கு. பல ஆண்டு சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கோ வலியே தெரியாது, கொப்புளம்தான் வரும். வலிக்கவில்லையே என்று அதன் மேலேயே இன்னும் இரண்டு நாள் நடப்பார்கள். ஊர் திரும்பி என்னிடம் வரும்போது அது புண்ணாகியிருக்கும். பயணம் முடிந்து வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது காய்ச்சலை அல்ல, இதைத்தான்.

அதனால் பயணத்துக்கென்று புது ஷூ வாங்குவதானால் கிளம்பும் வாரத்தில் வாங்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் அதைப் போட்டே நடந்து பழகுங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஷூவின் இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைந்தால் நல்லது. நடுவில் மடிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடிப்பாகம் தடிமனாக, பிடிப்புள்ளதாக இருக்க வேண்டும். விரல்களுக்கு முன்னால் சற்று இடம் விட்டு, மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பாருங்கள். சாக்ஸ் நாளைக்கு இரண்டு ஜோடி என்று கணக்கு வையுங்கள். மதியம் ஒருமுறை மாற்றினாலே கொப்புளம் குறையும். கொப்புளத்துக்கான மெத்தென்ற பிளாஸ்டர் ஒரு பாக்கெட் போதும். இரவில் அறைக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் செல்போனில் படம் எடுத்துப் பார்க்கலாம். கொப்புளத்தை ஊசியால் குத்துவது, பிளேடால் கிழிப்பது எல்லாம் வேண்டாம்.

பட்டுப்புடவையில் அல்ஹம்பிராவின் சிங்கமுற்றத்தின் முன்னால் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை. புடவைக்கு அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ இருப்பது படத்தில் தெரியவா போகிறது?

முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. மடக்கி வைக்கக்கூடிய கைத்தடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் ரப்பர் இருக்க வேண்டும், இரும்பு நுனி கல்லில் வழுக்கும். அதை விமானத்தில் சரக்குப் பெட்டியில் வைத்துவிட்டால் சோதனைச் சாவடியில் வாக்குவாதம் இல்லை. ஊருக்குள் சி30, சி31, சி32 என்று எண்ணிட்ட சிறிய பேருந்துகள் அல்ஹம்பிராவுக்கும் அல்பாய்சினுக்கும் ஓடுகின்றன. வைராக்கியத்துக்காக நடந்து ஏற வேண்டியதில்லை. விடுதி அல்பாய்சினில் என்றால் இன்னொன்று: சக்கரம் வைத்த பெரிய பெட்டி அந்தக் கூழாங்கற்களில் உருளாது, தூக்கத்தான் வேண்டும். பழைய வீடுகளை விடுதியாக மாற்றியவற்றில் லிஃப்ட் இல்லாதவை நிறைய. உங்களால் ஒரு மாடி தூக்கிக்கொண்டு ஏற முடிகிற எடைதான் உங்கள் பெட்டியின் எடை. முதுகு டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் இதைக் கிளம்பும் முன் வீட்டு மாடிப்படியில் செய்து பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது காற்று. கிரனாடா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்னாலேயே சியரா நெவாடா மலைத்தொடர். அதன் முலாசென் சிகரம் கிட்டத்தட்ட 3,480 மீட்டர். ஜூலையில் பகலில் வெயில் 35 டிகிரியைத் தொடும், இரவில் 18 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜனவரி இரவுகளில் பூஜ்யம்வரை போகும். எனவே கனமான ஒரே ஸ்வெட்டரைவிட, மெல்லிய முழுக்கைச் சட்டைகள் இரண்டு, மேலே போட ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக எடுத்துப் போவதே சரி. தோளை மூடும் துணி ஒன்று இருந்தால் தேவாலயங்களுக்குள் போகவும் உதவும்.

"முப்பத்தஞ்சு டிகிரிதானே, நாங்க பார்க்காத வெயிலா" என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாமல், மாலையில் தலைவலியும் எரிச்சலுமாக உட்கார்ந்திருப்பார்கள். பிபிக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்காக டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாந்தி, பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று அவசியம். கிரனாடாவின் குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்தது, விடுதியிலேயே நிரப்பிக்கொள்ளலாம். ஓஆர்எஸ் பாக்கெட் நான்கைந்து போடுங்கள், எடையே இல்லை. தொப்பி, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாஸலின். நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பது வெறும் நம்பிக்கை.

ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ளவர்கள் போகும் மாதத்தைப் பாருங்கள். அல்ஹம்பிராவைச் சுற்றியும் ஹெனரலீஃபே தோட்டத்திலும் சைப்ரஸ் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும்; குளிர்காலக் கடைசியில் அவற்றின் மகரந்தம் காற்றில் மிதக்கும். மே, ஜூன் என்றால் ஆலிவ். கிரனாடாவிலும் பக்கத்து ஹாயென் மாகாணத்திலும் கண்ணுக்கு எட்டியவரை ஆலிவ் தோப்புகள்தான், அங்குள்ளவர்களுக்கே அது பெரிய அலர்ஜி. ஒரு வருடமாக இழுப்பே வரவில்லை என்றாலும் நீல நிற இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தும்மலுக்கு செடிரிசின் மாத்திரை ஒரு அட்டை.

இனி மாத்திரைகள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாட்களுக்குமேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் வைத்தால், பெட்டி ஒரு ஊரிலும் நீங்கள் ஒரு ஊரிலும் இருப்பீர்கள். கணவன் மனைவியாகப் போனால் பாதிப்பாதியாக இருவர் பையிலும் வைக்கலாம். மாத்திரைகளை உதிர்த்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகாமல் அட்டையோடு எடுத்துப் போங்கள். நம் ஊர் பிராண்டுப் பெயர் அங்குள்ள மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது. மருந்தின் பொதுப்பெயரை எழுதிய ஆங்கிலக் கடிதத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக்கடை. ஆனால் இங்கே கேட்பதுபோல அங்கே போய் ஆன்டிபயாடிக் கேட்க முடியாது. 600 மில்லிகிராம் இப்யூபுரூஃபெனுக்கும் ஒரு கிராம் பாராசிட்டமாலுக்கும்கூட அங்கே மருந்துச்சீட்டு வேண்டும். குறைந்த அளவு மாத்திரைதான் சீட்டில்லாமல் கிடைக்கும். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ அல்பிரசோலம், குளோனசிபம் எடுப்பவர்கள் தேவையான அளவு மட்டும், மருந்துச்சீட்டோடு கொண்டுபோங்கள்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது, உறைந்துவிட்டால் பயனற்றது. தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சுமாராகத்தான் வேலை செய்யும். கிரனாடாவின் வறண்ட காற்றில் நன்றாகவே குளிரும். வாங்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த ஊரில் வெயிலைவிடப் பெரிய சிக்கல் சாப்பாட்டு நேரம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். நான்கு மணியளவில் பல சமையலறைகள் மூடிவிடும். இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பது. இங்கே எட்டு மணிக்கு மாத்திரை போட்டு எட்டேகாலுக்குச் சாப்பிட்டுப் பழகியவர், அங்கேயும் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரையைப் போட்டுவிட்டு உணவகத்தின் கதவு திறக்கக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிப் படபடப்பும் வியர்வையுமாக உட்கார வேண்டியதுதான். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ சாப்பாட்டு நேர இன்சுலினோ எடுப்பவர்கள் தட்டு மேசைக்கு வந்த பிறகே எடுங்கள். கடலைமிட்டாய், பிஸ்கட், குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே சிறு தட்டில் தின்பண்டம் இலவசமாகத் தருவது வழக்கம். ஆனால் அதில் பன்றி இறைச்சி இருக்க வாய்ப்பு அதிகம். சைவர்கள் சாலட் என்று கேட்டாலும் சூரைமீன் தூவி வரும். பருப்புப்பொடி எடுத்துப் போங்கள், தவறில்லை. நெய், பால் பொருள், இறைச்சித் தொக்கு, பச்சைக் கறிவேப்பிலை இவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.

அல்ஹம்பிரா நாள் அன்று தோளில் சிறிய பை மட்டும் போதும். உள்ளே இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டும். சீட்டு பெயர் போட்டு வரும், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாவின் கடைசி சுல்தானான போவப்தில் என்பவர் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அந்த இடத்தை நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அத்தனை நேரமும் நின்றும் நடந்தும்தான். பையில் தண்ணீர், மதிய மாத்திரை, இனிப்பு, இன்ஹேலர், மாற்று சாக்ஸ், பாஸ்போர்ட். வேறு என்ன இருந்தாலும் அது தோள்வலிக்குத்தான்.

தூங்கும்போது மூச்சுக்கு சிபாப் கருவி வைப்பவர்கள் பிளக்கைப் பாருங்கள். நம் செல்போன் சார்ஜரின் இரண்டு முனை அங்கே சேரும், மூன்று முனை பிளக் சேராது. அடாப்டர் இல்லாமல் போனால் முதல் இரவே தூக்கம் கெடும்.

ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அதைத் தாளில் அச்சடித்து வையுங்கள். அவசர எண் 112. கூடவே ஓர் அட்டையில் உங்கள் நோய்கள், மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஸ்பெயினில் வலிக்கும் காய்ச்சலுக்கும் மெட்டமிசோல் சர்வசாதாரணமாகக் கொடுப்பார்கள்; நம் ஊரில் அனால்ஜின் என்று புழங்கிய அதே மருந்து. முன்பு அது ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், ரத்த வெள்ளணு குறைந்திருந்தால், அட்டையின் முதல் வரியிலேயே அதை எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள்.