மஞ்சள் காமாலை வராத கட்சிக்காரர்

கீழ்க் கோர்ட்டுகளில் தாக்கலாகும் தாமத மன்னிப்பு மனுக்களைப் புரட்டினால், தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை எவ்வளவு பரவலான நோய் என்று தெரியும். மேல்முறையீட்டில் தாமதமா? மஞ்சள் காமாலை. ஆஜராகாததால் ஒருதலையாக வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதில் தாமதமா? மஞ்சள் காமாலை, நாட்டு மருந்து, படுத்த படுக்கை. வக்கீல்கள் நாங்களே இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் மனுவோடு வைக்கும் அபிடவிட்டில், அதாவது சத்தியப் பத்திரத்தில், சத்தியம் செய்து கையெழுத்துப் போடுபவர் எங்களிடம் வழக்கைத் தந்த கட்சிக்காரர். பல நேரம் அவருக்கு ஒரு நோயும் இருந்திருக்காது. வாய்தாவைக் கோட்டை விட்டது நாங்கள்.

நானும் விட்டிருக்கிறேன். தனியாக ஆபீஸ் போட்ட இரண்டாம் வருடம். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் பிரதிவாதி, வயதான விவசாயி. வழக்குக்குப் பதிலான எதிர்வாதுரையைத் தாக்கல் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் தருவது 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை. நான் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசி வாய்தா அன்று வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டேன். கூப்பிட்டபோது ஆள் இல்லை, எக்ஸ்பார்ட்டி. சில வாரங்களில் தீர்ப்பும் வந்துவிட்டது.

பெரியவர் வாரம் தவறாமல் போன் செய்வார். "கேஸ் எப்படிப் போகுது தம்பி?" "போகுதுங்க ஐயா, அடுத்த வாய்தா சொல்றேன்." இது பொய்யில்லை, சரி செய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரத்து மனு போட வேண்டிய 30 நாளும் அப்படியே கடந்தது. அப்புறம் நானும் அபிடவிட்டில் மஞ்சள் காமாலை எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "எனக்குக் காமாலை வரலையே தம்பி?" என்றார். "அது கோர்ட்டுக்காக எழுதுறதுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், எந்த வைத்தியரிடம் மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பெரியவர் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். செலவுத் தொகை கட்டச் சொல்லி மனுவை அனுமதித்தார்கள். பணத்தை நான் கட்டினேன். வெளியே வேப்பமரத்தடியில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கூண்டுல ஏறியிருக்க மாட்டேனே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வாய்தா தவறுவது கவனக்குறைவு. அதை மறைப்பதுதான் ஒழுக்கக்கேடு. மறைத்ததைக் காப்பாற்றக் கட்சிக்காரரையே பொய்ச் சத்தியம் செய்ய வைப்பது அதற்கும் மேல். இந்த மூன்றுக்கும் நடுவில் இருந்தது நான் செய்யாத ஒரு போன் மட்டும்தான். இன்று மறைக்க நினைத்தாலும் நடக்காது. வழக்கின் அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் இருந்தால் போதும், இ-கோர்ட்ஸ் செயலியில் பேரன் துபாயிலிருந்தே வாய்தாவைப் பார்த்துவிடுகிறான்.

அடுத்தது, யாரிடம் பேசுகிறோம் என்பது. விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகளில் பெண் தனியாக வருவது அபூர்வம். அண்ணனோ மாமாவோ கூட வருவார், ஃபீஸும் அவர்தான் தருவார், பேச்சும் அவருடையதுதான். கட்சிக்காரரோ அவர் அதிகாரம் கொடுத்த முகவரோ தவிர வேறு யார் சொல்கேட்டும் நடக்கக் கூடாது என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி. ஒரு முறை அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் படியிறங்கியதும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "சார், சேர்ந்து வாழ மனு போட முடியுமா?" என் மேஜையில் விவாகரத்து மனு டைப் ஆகி, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

ராஜி, அதாவது சமரசம், விஷயமும் இதே வகைதான். வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் ராஜி பேசலாம் என்று அச்சடித்த வரி இருக்கிறது என்று கோர்ட்டில் தலையாட்டிவிட்டு வந்து கட்சிக்காரரிடம் சொல்வது ஆபத்து. அவருடைய தெளிவான சம்மதம் இல்லாமல் வக்கீல் விட்டுக்கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015லேயே சொல்லிவிட்டது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்னும் நடக்கிறது.

ரகசியம் காப்பது பற்றி ஜூனியர்களுக்கு ஓரளவு தெரியும். பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, 1 ஜூலை 2024 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவு. விதிவிலக்குகளில் வந்தால் ஒழிய, கட்சிக்காரர் விவரம் கேட்டு விசாரணை அமைப்புகள் வக்கீலுக்கு சம்மன் அனுப்பக் கூடாது, அப்போதும் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று 31 அக்டோபர் 2025ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல கேடயம்தான். ஆனால் கோர்ட் வாசல் டீக்கடையில் நாமே கதையை விரித்துப் பேசினால், எஃப்.ஐ.ஆரைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தால், கேடயம் என்ன செய்யும்?

அந்தக் கேடயத்துக்கு ஓர் ஓட்டையும் உண்டு, அதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "பழைய தேதி ஸ்டாம்ப் பேப்பர் கிடைக்கும் சார், ஒரு அக்ரிமென்ட் தயார் பண்ணிடலாமா?" என்பார் ஒருவர். செய்து முடித்த தவறைச் சொன்னால் என்னோடு இருக்கும். இனிமேல் செய்யப்போகும் மோசடிக்கு உதவி கேட்டால் அந்தப் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. இதைச் சொன்னதும் சிலர் வேறு வக்கீலைத் தேடிப் போய்விடுவார்கள். போகட்டும்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. 2000லேயே உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த விஷயம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதும் விதிப்படி தவறு. நுகர்வோர் சட்டம் நமக்குப் பொருந்தாது என்று 2024ல் தீர்ப்பு வந்தபோது சிலர் இனிப்புக் கொடுக்காத குறைதான். வக்கீல் சட்டத்தின் 35ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு நினைத்தால் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

இப்போது மாலை ஆறு மணிக்கு வாய்தா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். "எதிர்த்தரப்பு வக்கீல் வரலைங்க, 12ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கு, நீங்க வர வேண்டாம்." இருபது வினாடி. என் பக்கம் தவறு நடந்த நாளில் மட்டும் மெசேஜ் இல்லை. போன் போட்டுச் சொல்லிவிட்டு, சொன்னதை எழுதியும் அனுப்புகிறேன். அந்த நம்பரை அழுத்தும்போது கை இன்னும் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.