கருவிலேயே மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம்

ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லப்பட்ட குழந்தைக்கு, எட்டாம் மாத ஸ்கேனில் தலைக்குள் ரத்தக்கசிவு தெரியலாம். முதலில் பார்த்தவர் கோட்டைவிட்டுவிட்டார் என்று பெற்றோர் கொதிப்பது இயல்பு. ஆனால் பெரும்பாலும் கசிவே பிறகுதான் நேர்ந்திருக்கும்.

மூளையின் தடித்த வெளியுறைக்கு அடியில் தேங்கும் ரத்தம், மூளையின் ஓரமாகப் பிறை வடிவில் படிகிறது. புதிய ரத்தம் ஸ்கேனில் வெளுப்பாகத் தெரியும். நாளாக ஆக, உறைந்த ரத்தம் கரைந்து கறுத்து, சுற்றியுள்ள நீரிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். அப்போது மூளையின் நடுக்கோடு ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதும் தலைச் சுற்றளவு கூடியிருப்பதும்தான் துப்பு. சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ரத்தத்திலுள்ள இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால், பழைய கசிவும் அதில் கருந்திட்டாகச் சிக்கிவிடும். எக்ஸ்ரே கதிர்வீச்சு இதில் இல்லை.

ஏன் கசிந்தது? தாய்க்கு வயிற்றில் பட்ட அடி, தாய் சாப்பிட்டு, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை எட்டும் வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ரத்தநாளக் கோளாறு என்று காரணங்கள் பல. எளிதில் தவறவிடப்படுவது, குழந்தையின் ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்களின் குறைவு. தந்தை வழியாகக் குழந்தையின் தட்டணுக்களுக்கு வந்த ஓர் அடையாளப் புரதம் தாயிடம் இல்லாவிட்டால், அவர் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தட்டணுக்களை அழிக்கிறது. தாய்-சேய் ரத்த வகை ஒவ்வாததால் வரும் ஆர்.எச். பிரச்சினை வழக்கமாக அடுத்த பிரசவங்களில்தான் தலைகாட்டும். இதுவோ முதல் குழந்தையையே தாக்கலாம். தாயின் தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருப்பதால் வழக்கமான ரத்தப் பரிசோதனை இதைக் காட்டாது.

"குழந்தை பிழைக்குமா, நன்றாக இருக்குமா?" என்ற கேள்விக்கு ஒரே ஸ்கேனை வைத்துப் பதில் சொல்வது சரியல்ல. மூளையை அழுத்தாத மெல்லிய கசிவு தானாக வற்றி, குழந்தை இயல்பாக வளர வாய்ப்புண்டு. மூளைத் திசுவுக்குள்ளேயே ரத்தம் புகுந்திருந்தாலோ, மூளையறைகளில் நீர் கோத்து வீங்கினாலோ வலிப்பு, பெருமூளை வாதம், வளர்ச்சித் தாமதம் வரும் அபாயம் அதிகம். சில குழந்தைகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. ஆகவே ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கசிவு பெருகுகிறதா என்று பார்ப்பார்கள். மூளைக்குச் செல்லும் தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்து, குழந்தைக்கு ரத்தசோகை உண்டா என்றும் கணிப்பார்கள்.

குழந்தை தவறிப்போனாலும் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் தட்டணுப் பொருத்தத்துக்காகச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் துயரத்தில் இது தேவையா என்று தோன்றும், தேவைதான். காரணம் தட்டணுப் பொருத்தமின்மையே என்றால் அடுத்த கருவிலும் கசிவு ஏற்படும் ஆபத்து மிக அதிகம். ஆனால் வாரந்தோறும் தாயின் ரத்தக்குழாய் வழியாக இம்யூனோகுளோபுலின் என்ற, தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்தினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.