ஓடும்போது கண் தெரியாத வண்டு

ஆற்று மணலில் நடக்கும்போது ஒரு பூச்சி முன்னால் பறந்துபோய் உட்காருகிறது, கிட்டப் போனால் மறுபடியும் நாலடி தள்ளிப் போய் நம்மைப் பார்த்தபடி உட்காருகிறது, ஈயா வண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். புலிவண்டாகத்தான் இருக்கும். நீண்டு மெலிந்த கால்கள், புடைத்த கண்கள், அரிவாள் மாதிரி வளைந்த தாடைகள், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எறும்பு, ஈ என்று கிடைத்ததைத் துரத்திப் பிடித்துத் தின்னும். ஆஸ்திரேலியாவில் இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு புலிவண்டு வினாடிக்கு 2.5 மீட்டர் ஓடுகிறது. ஆனால் துரத்தும்போது நடுநடுவே சட்டென்று நின்றுவிடும். ஏன் தெரியுமா? ஓடும்போது அதற்குக் கண் தெரிவதில்லை! கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல் கில்பர்ட் 1998இல் இதை விளக்கினார். உருவம் தெரியுமளவு வெளிச்சம் கண்ணில் சேர்வதற்குள் வண்டு நகர்ந்துவிடுகிறது, ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த படத்தில் சாலையோர மரம் இழுபட்டுக் கிடக்குமே, அப்படி. அதனால் நின்று, இரை எங்கே என்று பார்த்து, மறுபடி பாய்கிறது.

சரி, வழியில் கல் கிடந்தால்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எறும்பு உணர்கொம்புகளை ஆட்டித் தடவிக்கொண்டே போகும். புலிவண்டு ஆட்டுவதே இல்லை, முன்னால் விறைப்பாக நீட்டி, நுனி தரையை ஒட்டியபடி ஓடுகிறது. தடையில் பட்டதும் கொம்பு வளைந்து மேலே வழுக்குகிறது, வண்டு அந்த நொடியே உடம்பை நிமிர்த்தி ஏறிவிடுகிறது. 2014இல் டேனியல் சூரெக்கும் கில்பர்ட்டும் சோதித்தபோது, கண்ணில் பெயிண்ட் பூசிய வண்டுகள் தடையைத் தாண்டின. கண் நன்றாக இருந்தும் கொம்பு வெட்டப்பட்டவை முட்டிக்கொண்டன.

வண்டு ஓடுவதைப் பார்க்கவா ஆராய்ச்சிக் காசு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. இந்தியாவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட புலிவண்டு இனங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்களோ மிகக் குறைவு.

அப்புறம், ஆற்றில் மணல் அள்ளும்போது இதன் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. புழுப்பருவத்தில் இது மண்ணுக்குள் செங்குத்தாக வளை தோண்டி, தட்டைத் தலையால் வளையின் வாயை மூடிக் காத்திருக்கும். இரை துள்ளினாலும் வெளியே இழுபடாதபடி முதுகுக் கூனில் கொக்கிகள் உண்டு. ஈர மணலில் உட்கார்ந்து அசையாமல் பாருங்கள், வெறும் தரை என்று நினைத்த இடத்தில் நம் நிழல் பட்டதும் சின்ன வட்ட ஓட்டை ஒன்று திறக்கும். தலை உள்ளே போய்விட்டது.